காந்த டார்க் சென்சார்: துல்லியம் எங்கிருந்து வருகிறது?

மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே சுழலும் ஷாஃப்ட்டில் இரண்டு விஷயங்களை அளந்துவிட்டால் எவ்வளவு பவர் போகிறது என்று சொல்லிவிடலாம். ஒன்று வேகம், இன்னொன்று முறுக்கு விசை, அதாவது டார்க். வேகத்தை அளப்பது பெரிய வேலையில்லை. ஷாஃப்ட்டில் ஒரு துண்டு ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டினால் போதும், சுற்றுகளை எண்ணிவிடலாம். சிக்கல் முழுக்க டார்க்கில்தான். சுழன்றுகொண்டே இருக்கும் ஒரு இரும்புத் தண்டுக்குள் எவ்வளவு முறுக்கு இருக்கிறது என்பதை அதைத் தொடாமல், ஒயர் எதுவும் சுற்றிக்கொள்ளாமல் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு வந்ததுதான் காந்த டார்க் சென்சார்.

கையில் பிடித்துப் பேச ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் டெஸ்ட் செய்யும் இடங்களில் வெகு சாதாரணமாகப் பார்க்கக்கூடிய ஒரு 5 எச்.பி. மோட்டார், 3.7 கிலோவாட், முழு லோடில் 2880 ஆர்.பி.எம்., கப்ளிங் வழியாக ஒரு பம்பை ஓட்டுகிறது (மோட்டாரும் பம்பும் ஒரே ஷாஃப்ட்டில் இருக்கும் மோனோபிளாக்கில் நடுவே சென்சார் மாட்ட இடமே கிடையாது, அதனால் கப்ளிங் உள்ள செட்டை எடுத்துக்கொள்கிறேன்). இந்த ஷாஃப்ட் கடத்தும் டார்க் கணக்குப்படி சுமார் 12.3 நியூட்டன் மீட்டர். அளவீட்டில் 0.12 பிசகினால் 1 சதவீதப் பிழை. அந்த 1 சதவீதம் அப்படியே ஷாஃப்ட் பவரிலும், அங்கிருந்து பம்பின் செயல்திறனிலும் வந்து உட்காரும். உண்மையில் 60 சதவீதம் உள்ள பம்ப் தாளில் 60.6 ஆகவோ 59.4 ஆகவோ தெரியும். இம்பெல்லரில் ஒரு சின்ன மாற்றம் செய்து அரை சதவீதம் கூடியதா என்று பார்ப்பவருக்கு இந்த ரீடிங் எந்த உதவியும் செய்யாது.

சரி, இந்த சென்சார் எப்படித்தான் வேலை செய்கிறது?

ஈரத் துணியை முறுக்கிப் பிழியும்போது மடிப்புகள் நேராக ஓடாமல் சாய்வாக ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். ஷாஃப்ட்டை முறுக்கும்போதும் அதன் மேற்பரப்பில் அப்படித்தான் நடக்கிறது. அச்சுக்கு 45 டிகிரி சாய்வில் ஒரு திசையில் இரும்பு இழுபடுகிறது, அதற்குக் குறுக்கான இன்னொரு 45 டிகிரி திசையில் அழுந்துகிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் இரும்பின் காந்தக் குணத்துக்கு அது தெரியும். இரும்பைக் காந்தமாக்கினால் அதன் நீளம் மிகமிகக் கொஞ்சம் மாறுகிறது என்று 1842-இல் ஜூல் கண்டார். அதன் மறுபக்கம், அதாவது இழுத்தாலோ அழுத்தினாலோ இரும்பின் காந்தத் தன்மை மாறுகிறது என்பதை 1865-இல் இத்தாலியரான எமிலியோ வில்லாரி காட்டினார். நம் சென்சார் நிற்பது இந்த இரண்டாவது கண்டுபிடிப்பின் மேல்.

இதைப் பயன்படுத்த இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், ஷாஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு காயிலை வைத்து அதில் ஏ.சி. கரண்ட் கொடுத்து, காந்தப்புலம் எந்த 45 டிகிரி திசையில் சுலபமாக ஓடுகிறது, எதில் தயங்குகிறது என்று இன்னும் சில காயில்களால் பார்க்கிறோம். ஸ்வீடனில் 1950களிலேயே இந்த வழியில் கருவிகள் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாவது வழி கொஞ்சம் அழகானது என்பது என் அபிப்பிராயம். ஷாஃப்ட்டில் ஒரு வளையப் பகுதியை அதன் சுற்றுவட்டம் நெடுகக் காந்தமேற்றிவிடுகிறார்கள். புலம் வட்டமாக ஓடித் தன்னிடமே வந்து சேர்ந்துவிடுவதால் வெளியே எதுவும் கசியாது. முறுக்கு வந்ததும் அந்தக் காந்தம் இழுபடும் திசைப் பக்கம் லேசாகச் சாய்கிறது, வளையத்தின் இரு ஓரங்களிலும் வட, தென் முனைகள் தோன்றுகின்றன, வெளியே ஒரு சிறு புலம் எட்டிப் பார்க்கிறது. பக்கத்தில் அசையாமல் நிற்கும், காந்தப்புலத்தை உணரும் ஒரு ஃப்ளக்ஸ்கேட் அல்லது ஹால் சென்சார் அதை அளக்கிறது. முறுக்கின் திசை மாறினால் புலத்தின் திசையும் மாறும். 1990களில் அமெரிக்காவில் ஐவன் கார்ஷெலிஸ் இந்த வழியை நன்றாக வளர்த்தெடுத்தார்.

இரண்டு வழியிலும் ஒன்றைக் கவனியுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் பெட்டி வெறுமனே எட்டிப் பார்க்கும் கண், அவ்வளவுதான். உண்மையில் அளப்பது ஷாஃப்ட். ஷாஃப்ட்தான் சென்சார். இது மனதில் பதிந்துவிட்டால் துல்லியத்தைப் பற்றிய பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிடும். புதிதாக இதில் இறங்குபவர்கள் ரீடிங் ஆடுகிறது என்றதும் முதலில் ஃபில்டரையும் சாஃப்ட்வேரையும் நோண்டப் போகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

முதல் வேலை, போதுமான சிக்னல் வருகிறதா என்று பார்ப்பது. ஷாஃப்ட்டின் மேற்பரப்பில் ஏற்படும் தகைவு, அதாவது ஒரு சதுர அலகுப் பரப்பில் விழும் உள்விசை, விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறுகிறது. நம் 12.3 நியூட்டன் மீட்டர் ஒரு 24 மி.மீ. ஷாஃப்ட்டில் வெறும் 4.5 மெகாபாஸ்கல் தகைவைத்தான் உண்டாக்கும். அளக்கும் இடத்தில் மட்டும் 12 மி.மீ. ஆகக் குறைத்தால் அதுவே எட்டு மடங்காகி 36 மெகாபாஸ்கல் ஆகிறது. எந்த ஆம்ப்ளிஃபையரும் இதற்கு ஈடாகாது, ஏனென்றால் ஆம்ப்ளிஃபையர் சிக்னலோடு பிழையையும் சேர்த்துப் பெருக்கும், ஷாஃப்ட்டை மெலிதாக்கினால் சிக்னல் மட்டும்தான் பெருகும். அதற்காக இஷ்டத்துக்கு மெலிதாக்கவும் முடியாது. மோட்டார் நேரடியாக ஸ்டார்ட் ஆகும்போது முழு லோடு டார்க்கைப் போல 2 மடங்குக்கு மேலும் வரலாம், அதைத் தாங்க வேண்டும், வளைவையும் தாங்க வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம் சென்சார் வாங்கும்போது வருகிறது. தாளில் "0.5 சதவீதம்" என்று போட்டிருக்கும். எதில் 0.5 சதவீதம் என்று பாருங்கள். பெரும்பாலும் முழு அளவில். எதற்கும் இருக்கட்டும் என்று 100 நியூட்டன் மீட்டர் சென்சாரை வாங்கினால் அனுமதிக்கப்பட்ட பிழை 0.5 நியூட்டன் மீட்டர், நம் 12.3-இல் அது 4 சதவீதம். 20 நியூட்டன் மீட்டர் சென்சார் என்றால் 0.1, அதாவது 0.8 சதவீதம். ஓவர்லோடு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டரைச் சேர்த்துக்கொண்டு சின்ன சென்சாரை எடுப்பதே புத்திசாலித்தனம்.

அடுத்து ஷாஃப்ட்டின் உலோகம். ஏ.சி. காயில் வகையில் காந்தப்புலம் இரும்புக்குள் ரொம்ப ஆழம் போவதில்லை. சில கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தோல் மட்டும்தான் பேசும். அதனால் அந்தத் தோலில் என்ன இருக்கிறதோ அதுவே உங்கள் ரீடிங். லேத்தில் கடைசிப் பாஸ் ஓட்டிய டூல் விட்டுப்போன உள்தகைவு, ஹீட் ட்ரீட்மென்ட் ஒரு பக்கம் கொஞ்சம் கூட, ஒரு பக்கம் கொஞ்சம் குறைய ஏறியது, இவையெல்லாம் டார்க் இல்லாமலேயே டார்க் மாதிரி தெரியும். இதனால்தான் நல்ல சென்சார்களில் ஷாஃப்ட்டைக் கடைந்து முடித்த பிறகு முறையாகச் சூடாக்கி ஆறவைக்கிறார்கள். 18 சதவீத நிக்கல் உள்ள மாரேஜிங் ஸ்டீல் இந்த வேலைக்குப் பேர்போனது. இன்னொன்று, அளக்கும் பகுதியில் துரு தெரிகிறதே என்று எமரி பேப்பரை எடுத்துத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் கேலிப்ரேஷன், அதாவது தெரிந்த டார்க்கோடு ஒப்பிட்டுச் சரிசெய்த கணக்கு, போய்விடும்.

உலோகத்தின் இன்னொரு குணம் காந்தத் தயக்கம். டார்க்கை 0-இலிருந்து ஏற்றி 10-இல் நிறுத்திப் பார்க்கும் ரீடிங்கும், 20 வரை போய்விட்டு 10-க்கு இறங்கி வந்து பார்க்கும் ரீடிங்கும் ஒன்றாக இருக்காது. இரும்பு தான் வந்த பாதையை ஞாபகம் வைத்திருக்கிறது. இதை எந்த ஃபார்முலாவாலும் சுலபமாகச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் ஒரே டார்க்குக்கு இரண்டு விடைகள். இதற்கு மருந்து நல்ல உலோகத்திலும், நல்ல ஹீட் ட்ரீட்மென்ட்டிலும், தகைவை உலோகத்தின் எல்லைக்கு வெகு கீழே வைத்துக்கொள்வதிலும் இருக்கிறது. முன்பு ஷாஃப்ட்டை மெலிதாக்கச் சொன்னதற்கு இது நேர் எதிராக இழுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே விட்டத்தைத் தீர்மானிப்பதுதான் சென்சார் வடிவமைப்பவரின் முக்கியமான முடிவு.

வெளிக் காந்தப்புலம் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் டெஸ்ட் பெஞ்சில் அன்றாடம் தொல்லை கொடுப்பது இதுதான். தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. வளைய வகை சென்சாரில் டார்க்கினால் வெளிவரும் புலமும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் இருக்கும். ஆக, ஒரே ஒரு வளையம் வைத்த சென்சாரை வடக்கு தெற்காக வைத்தால் ஒரு ஜீரோ, கிழக்கு மேற்காக வைத்தால் இன்னொரு ஜீரோ. பூமியாவது நிலையாக இருக்கிறது, கரண்ட் ஒயர் அப்படியில்லை. 5 எச்.பி. மோட்டார் 415 வோல்ட்டில் எடுக்கும் சுமார் 8 ஆம்பியர் ஒரு தனி ஒயரில் ஓடினால், அந்த ஒயரிலிருந்து 4 செ.மீ. தள்ளி உள்ள புலம் 40 மைக்ரோடெஸ்லா. பூமியின் புலத்துக்குச் சமம்! லோடு ஏற ஏற கரண்டும் ஏறும் என்பதால் இந்தப் பிழை டார்க்கோடு சேர்ந்தே ஏறி, பார்ப்பதற்கு அசல் சிக்னல் மாதிரியே இருக்கும். தீர்வு செலவே இல்லாதது: மூன்று ஃபேஸ் ஒயர்களையும் ஒன்றாகக் கட்டி, முடிந்தால் முறுக்கி, சென்சாரைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோங்கள். மூன்றின் கூட்டுத்தொகை பூஜ்யம் என்பதால் சேர்ந்திருக்கும்போது அவற்றின் புலங்கள் பெரும்பாலும் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும்.

சென்சாருக்குள்ளேயே செய்யும் தீர்வு இன்னும் நேர்த்தியானது. ஒரு வளையத்துக்குப் பதிலாகப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வளையங்களை எதிரெதிர்த் திசையில் காந்தமேற்றுகிறார்கள். முறுக்கு வந்தால் ஒன்றின் சிக்னல் கூடும், மற்றதன் சிக்னல் எதிர்த்திசையில் கூடும். வெளிப்புலமோ இரண்டிலும் ஒரே மாதிரி வரும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் டார்க் இரட்டிப்பாகும், வெளிப்புலம் அடிபட்டுப் போகும். ஆனால் அந்த வெளிப்புலம் இரண்டு இடத்திலும் உண்மையிலேயே ஒரே அளவாக இருந்தால்தான் கழித்தல் பலிக்கும். பூமியின் புலம் அப்படி இருக்கும். ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் பம்ப் என்று நிற்கும்போது மோட்டார் பக்கத்து வளையத்துக்குக் கசிவு கூடுதலாகவே வரும், அந்த வித்தியாசம் டார்க்காகப் பதிவாகும். அங்கேதான் மியூ மெட்டல் (காந்தப்புலத்தைத் தன் வழியாகச் சுலபமாக ஓடவிடும் நிக்கல்-இரும்புக் கலவை) கவசமும், மோட்டாரிலிருந்து கொஞ்சம் இடைவெளியும் தேவைப்படுகின்றன. மியூ மெட்டலைக் கீழே போட்டாலோ வளைத்தாலோ அதன் கவசக் குணம் குறைந்துவிடும், திரும்ப அனீல் செய்தால்தான், அதாவது சூடாக்கி மெல்ல ஆறவைத்தால்தான் வரும்.

இதே வரிசையில் ஒரு எச்சரிக்கை. அலைன்மென்ட் பார்க்க எல்லோரும் டயல் கேஜை மேக்னெட்டிக் பேஸோடு கொண்டுவந்து ஷாஃப்ட்டிலோ சென்சார் உடலிலோ டக்கென்று ஒட்டுவார்கள். காந்தமேற்றிய வளையம் உள்ள சென்சாரில் அதைச் செய்யவே கூடாது. வளையத்தின் காந்தம் அந்த இடத்தில் கலைந்துவிட்டால் சென்சாரையே தயாரித்தவரிடம் திருப்பி அனுப்ப வேண்டிவரும். கிளாம்ப் வைத்த ஸ்டாண்டைப் பயன்படுத்துங்கள். பெஞ்சில் வெல்டிங் செய்யும்போது எர்த் கிளிப்பை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதும் இதே கதைதான். வெல்டிங் கரண்ட் ஷாஃப்ட் வழியாகப் போகக் கூடாது.

அலைன்மென்ட் என்று சொன்னதும், அது வெறும் பேரிங் ஆயுள் சமாசாரம் இல்லை. மோட்டாரும் பம்பும் நேர்கோட்டில் இல்லாவிட்டால் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும். வளைவு என்பதும் தகைவுதான், ஒரு பக்கம் இழுவை, எதிர்ப்பக்கம் அழுத்தம். எட்டிப் பார்க்கும் கண் ஒன்றே ஒன்று என்றால் அது இதையும் டார்க்கோடு சேர்த்துவிடும். எதிரெதிராக இரண்டு, இன்னும் நல்லதென்றால் சுற்றிலும் சம இடைவெளியில் நான்கு கண்கள் வைத்து சராசரி எடுத்தால் இந்தப் பிழை பெருமளவு கழிந்துவிடும். ஷாஃப்ட் மையம் விலகி ஆடுவதால் காற்று இடைவெளி கூடிக் குறையும் பிழையும், உலோகம் சுற்றிலும் ஒரே சீராக இல்லாததால் வரும் பிழையும்கூட இதே வழியில் நிறையக் குறைகின்றன. அதன் பிறகும் மிஞ்சுவதற்கு, ஷாஃப்ட்டின் கோணத்தைச் சொல்லும் ஒரு என்கோடரை வைத்து, லோடு இல்லாமல் மெதுவாக ஒரு சுற்று சுற்றி எந்தக் கோணத்தில் எவ்வளவு பொய் சொல்கிறது என்று அட்டவணை எடுத்து, ஓடும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம்.

ஜீரோ எடுப்பதிலும் இந்தக் கோண விஷயம் ஒளிந்திருக்கிறது. ஷாஃப்ட் நின்ற இடத்தில் அப்படியே ஜீரோ பட்டனை அழுத்தினால் அந்த ஒரு கோணத்தின் பொய்யை நிரந்தரமாக ரீடிங்கில் சேர்த்துவிட்டீர்கள். போதாததற்கு கப்ளிங்கிலும் சீலிலும் கொஞ்சம் முறுக்கு சிக்கி நிற்கும். கப்ளிங்கைக் கழற்றி, ஷாஃப்ட்டைக் கையால் மெதுவாகச் சுற்றி, முழுச் சுற்றின் சராசரியை ஜீரோவாக எடுங்கள்.

வெப்பநிலைக்கு வருவோம். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடுகிறது. காலையில் 30 டிகிரியில் ஆரம்பித்த பெஞ்ச் மதியம் 60 டிகிரி ஆனால் காயிலின் தடை கிட்டத்தட்ட 12 சதவீதம் ஏறியிருக்கும். காயிலுக்கு நிலையான வோல்டேஜ் கொடுக்கும் சர்க்யூட் என்றால் அத்தனையும் சிக்னலில் தெரியும், நிலையான கரண்ட் கொடுக்கும் சர்க்யூட் என்றால் பெரும்பகுதி மறைந்துவிடும். மிச்சத்துக்கு ஒரு வெப்பநிலை சென்சாரும் திருத்த அட்டவணையும் போதும், ஷாஃப்ட் முழுக்க ஒரே சூட்டில் இருக்கும்வரை. நம் பெஞ்சில் ஒரு பக்கம் சூடான மோட்டார், மறுபக்கம் தண்ணீர் ஓடும் குளிர்ந்த பம்ப். இரண்டு வளையங்களும் வெவ்வேறு சூட்டில் இருந்தால் அட்டவணையால் பெரிய பயனில்லை. அரை மணி நேரமாவது ஓடவிட்டு, சூடு நிலைத்த பிறகு ரீடிங் எடுப்பது நல்லது.

இப்போதுதான் ஃபில்டர். 2880 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 48 சுற்று, ஆகவே சுற்றுக்கு ஒருமுறை வரும் பிழை 48 ஹெர்ட்ஸில் இருக்கும். கரண்ட்டிலிருந்து வரும் தொல்லை 50 ஹெர்ட்ஸ். இரண்டும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் சேர்ந்து நொடிக்கு இரண்டு முறை மெல்ல ஏறி இறங்கும் ஒரு அலையாகத் தெரியும், பம்பிலேயே ஏதோ ஆட்டம் என்று நினைக்கத் தோன்றும். ஒன்றை மட்டும் வெட்டும் ஃபில்டரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அரை நொடியில் சரியாக 24 சுற்றும் வருகிறது, 25 மின் அலைகளும் வருகின்றன. அரை நொடியின் முழு மடங்குகளில், உதாரணமாக 5 நொடிக்கு, சராசரி எடுத்தால் இரண்டும் சேர்ந்தே ஒழிகின்றன. லோடு மாறும்போது வேகம் 2880-ஐவிட்டு நகரும் என்பதால், இன்னும் கச்சிதமாக வேண்டுமானால் என்கோடர் பல்ஸை வைத்து முழுச் சுற்றுகளாக எண்ணி, அதுவும் சில நொடிகளுக்கு நீளும்படி சராசரி எடுங்கள்.

கடைசியாக, இவை எல்லாவற்றையும் சரிபார்க்கும் கேலிப்ரேஷன். எளிமையான முறை ஒரு கையும் எடைக்கற்களும்தான். ஷாஃப்ட்டின் ஒரு முனையைப் பூட்டிவிட்டு, மறுமுனையில் 500 மி.மீ. நீளமுள்ள கையை மாட்டி 2.5 கிலோ தொங்கவிட்டால் நம் மோட்டாரின் முழு லோடு டார்க்குக்கு ஏறத்தாழ சமம். இங்கே சின்னச் சின்ன விஷயங்கள் பெரிதாகின்றன. கையின் நீளத்தில் 1 மி.மீ. பிசகு என்றால் 0.2 சதவீதம். கை கிடைமட்டத்திலிருந்து 3 டிகிரி சாய்ந்திருந்தால் 0.14 சதவீதம். புவியீர்ப்பு முடுக்கத்தை பாடப்புத்தகத்தில் உள்ளபடி 9.81 என்று போடுவார்கள், ஆனால் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கடல்மட்டத்துக்கு 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோயம்புத்தூரில் அது சுமார் 9.78 தான். வித்தியாசம் 0.3 சதவீதம், மொத்த இலக்கே 0.5 சதவீதம் என்னும்போது இது சின்ன விஷயமே இல்லை.

எடையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் ரீடிங் எழுதுங்கள், அப்போதுதான் காந்தத் தயக்கம் கண்ணில் படும். ஷாஃப்ட்டை 90 டிகிரி வீதம் திருப்பி நான்கு நிலைகளிலும், வலச்சுற்று இடச்சுற்று இரண்டிலும் செய்யுங்கள். ஆரம்பிக்கும் முன் முழு எடையை மூன்று முறை ஏற்றி இறக்கினால் ரீடிங் நிலைக்கும். இதையெல்லாம் சென்சாரைக் கழற்றித் தனி மேஜையில் செய்வதைவிட, பெஞ்சில் அது நிற்கும் இடத்திலேயே, மோட்டாரும் கேபிளும் கவசமும் அதனதன் இடத்தில் இருக்கும்போது செய்வதையே நான் சொல்வேன், ஏனென்றால் சுற்றியுள்ள இரும்பும் புலமும் அப்போதுதான் கணக்கில் வரும்.

இவ்வளவும் செய்த ஒரு காந்த சென்சார் பொதுவாக 0.5 சதவீதம் பக்கம் வந்து நிற்கும். 0.1 சதவீதம் கண்டிப்பாக வேண்டும் என்றால் ஸ்ட்ரெயின் கேஜ் (இழுபட்டால் மின்தடை மாறும் மெல்லிய பட்டை) ஒட்டிய சென்சார் பக்கம் போவதே நல்லது, அதற்குச் சுழலும் ஷாஃப்ட்டுக்கு மின்சாரம் கொடுத்து சிக்னலை வெளியே எடுக்கும் வேலை சேரும். தண்ணீரும் எண்ணெயும் தெறிக்கிற, வருடக்கணக்கில் ஓட வேண்டிய இடத்துக்குக் காந்த வகைதான் தாங்கும்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து ஒவ்வொரு நாளும் ஓட்டும் முன் ஜீரோவையும் அப்போதைய வெப்பநிலையையும் எழுதிவாருங்கள். ஜீரோ மெல்ல நகர்ந்தால் அது சூடாகவோ வெளிப்புலமாகவோ இருக்கும், தேடிப் பிடிக்கலாம். ஒரே நாளில் குதித்திருந்தால் முந்தின நாள் என்ன நடந்தது என்று விசாரியுங்கள். பம்பில் கல் சிக்கி ஷாஃப்ட் திடீரென நின்றிருந்தால் டார்க் ஒரு கணம் எல்லை தாண்டிப் போயிருக்கும், உலோகம் அதை மறக்காது. ஜீரோவைத் திருத்திவிட்டு ஓட்டுவது போதாது, டார்க்குக்கு ஏற்ப ரீடிங் ஏறும் விகிதமும் மாறியிருக்க வாய்ப்புண்டு. கையையும் எடைக்கற்களையும் எடுத்துவந்து குறைந்தது மூன்று புள்ளிகளிலாவது சரிபார்த்த பிறகே அடுத்த பம்பை ஏற்றுங்கள்.